பெல் எங்கே? பில் எங்கே?

தில்லியில் சைக்கிள் வாங்குவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். கியர், டயர், விலை என்று வரும் என எதிர்பார்த்தால், வந்ததில் பெரும்பகுதி பெல். சரி, இந்த முறை பெல்லையே எடுத்துக்கொள்வோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கே: புது கியர் சைக்கிள். கடைக்காரர் பெல்லை ஹேண்டில்பாரின் நடுவில், அதைத் தாங்கும் ஸ்டெம்முக்குப் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தார். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையை எடுத்து அடிப்பதற்குள் எதிரே வருகிறவர் மேலேயே வந்துவிடுகிறார். எங்கே மாட்டினால் சரி?
– கல்லூரி மாணவர், முனிர்கா

ப: நடுவில் மாட்டுவது கடைக்காரருக்கு வசதி. அங்கே பிரேக் இல்லை, கியர் இல்லை, ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம். ஓட்டுகிற உங்களுக்கு அந்த இடம் உதவாது. பெல் அடிக்க வேண்டிய நேரத்தில்தான் அநேகமாக பிரேக்கும் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த நேரம் பார்த்து ஒரு கை பிரேக்கை விட்டுவிட்டு நடுவுக்குப் போனால் விழப்போவது நீங்கள்தான்.

இடத்தைக் கண்டுபிடிக்க அளவுகோல் எதுவும் வேண்டாம். ஒருவரைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி உட்காருங்கள். வழக்கமாகப் பிடிக்கிற மாதிரியே கிரிப்பைப் பிடித்து, இரண்டு விரலை பிரேக் லீவர் மேல் போட்டு, குனிந்து பார்க்காமல் கட்டைவிரலை மட்டும் உள்பக்கம் நீட்டுங்கள். நுனி எங்கே போய் நிற்கிறதோ அங்கே பெல்லில் விரலால் தள்ளும் நாக்கு வரவேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் அது பிரேக் லீவரை ஹேண்டில்பாரோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்பை ஒட்டினாற்போல் உள்பக்கம் அமையும். அந்த இடத்தை கியர் மாற்றும் ஷிஃப்டர் பிடித்துக்கொண்டிருந்தால், பிரேக்கையும் ஷிஃப்டரையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கிரிப்புக்கும் பிரேக்குக்கும் இடையில் பெல்லைப் போடலாம். தள்ளிய பிறகு லீவரும் ஷிஃப்டரும் விரலுக்கு எட்டுகின்றனவா என்று மறக்காமல் பாருங்கள்.

இடதா வலதா என்றால் நான் இடது என்பேன். நாம் சாலையில் இடப்பக்கம் போகிறோம்; வலப்பக்கம் திரும்பக் கை காட்டும்போது ஹேண்டில்பாரில் மிச்சம் இருப்பது இடது கைதான். பின்சக்கர கியரின் ஷிஃப்டர் வலப்பக்கம் இருக்கும். முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள சைக்கிள் என்றால் இடப்பக்கம் ஷிஃப்டரே கிடையாது, இடம் சும்மா கிடக்கிறது.

மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். எந்த கேபிளும் கிண்ணத்தைத் தொடக்கூடாது. கிண்ணத்தின் குவிந்த பக்கம் மேலே இருக்கட்டும். சிலர் அழகுக்காக ஹேண்டில்பாருக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், முதல் மழையிலேயே தண்ணீரும் சேறும் கிண்ணத்தில் தேங்கித் துருப்பிடிக்கும். வீட்டில், கேபிளுக்குப் பதில் கம்பிகள் பிரேக்கை இழுக்கும் பழைய ராடு பிரேக் சைக்கிள் இருந்தால் இன்னொரு சங்கதி: அதில் பிரேக் லீவர் ஹேண்டில்பாரை ஒட்டியே ஏறி இறங்கும். பெல்லின் பட்டை அதை முழுசாக மேலே வரவிடாமல் தடுத்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும்.

கே: ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையில் பித்தளை பெல் ஒன்று பிடித்துப்போய் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் ஹேண்டில்பாரில் ஏறவே இல்லை. கிளாம்ப் சின்னது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். என்ன செய்யலாம்?
– கரோல் பாக் வாசகர்

ப: கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் அளந்து கொண்டுபோகவில்லை, அவர் உங்கள் சைக்கிளைப் பார்க்கவில்லை. ஜண்டேவாலான் உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், சைக்கிளையே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆனாலும் தப்பித்தீர்கள். இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஹேண்டில்பார் ஒரே பருமனில் இருக்காது. நடுவில், ஸ்டெம் கவ்வும் இடத்தில் 31.8 மில்லிமீட்டர் விட்டம். கைப்பிடிப் பக்கம் போகப்போக மெலிந்து 22.2 ஆகிவிடும். சாதாரண பெல்லின் கிளாம்ப் அந்த 22.2-க்குத்தான். நீங்கள் நடுவில் ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரேக்குக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், உட்காரும். பருமன் மாறுகிற சரிவில் மட்டும் போடாதீர்கள், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு திரும்பும்.

இனி எதை மாட்டுவதாக இருந்தாலும், விளக்கோ போன் ஹோல்டரோ, ஒரு நூலைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். சுற்றளவு 7 செ.மீ. வந்தால் 22.2, 8 வந்தால் 25.4, 10 வந்தால் 31.8. வளைந்த ஹேண்டில் உள்ள ரேஸ் சைக்கிளில் கைப்பிடிப் பகுதி ஏழரை வரும், அது 23.8. சற்றே தளர்வாக இருந்தால் பஞ்சர் கடையில் பழைய ட்யூப் துண்டு ஒன்று கேட்டு வாங்கி அடியில் சுற்றுங்கள், காசு கேட்கமாட்டார்கள்.

கே: பெல் புதிது. கடையில் கணீரென்று அடித்தது. வீட்டில் 'டொக்' என்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?
– லோதி காலனி

ப: முதலில் கிண்ணத்தை எதாவது தொடுகிறதா பாருங்கள். கேபிள், விளக்கு, பக்கத்து ஸ்க்ரூ, எது உரசினாலும் ஒலி செத்துவிடும். இல்லையென்றால் கிண்ணத்தை அடித்தட்டோடு ஒட்டும்படி இறுக்கியிருப்பீர்கள், அரைச் சுற்று தளர்த்துங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் கடைக்குப் போங்கள்.

கே: அட்டையில் 'இம்போர்ட்டட்' என்று போட்டு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். நம்பலாமா?
– பெயர் வேண்டாம் என்கிறார்

ப: எந்த நாட்டில் செய்தது, யார் இறக்குமதி செய்தார்கள், அவர்கள் முகவரி என்ன, இந்த மூன்றும் அட்டையில் இருக்கிறதா? இல்லையென்றால் நம்பாதீர்கள்.

கே: ஆன்லைனில் 'அசல் பித்தளை பெல்' என்று போட்டிருந்ததை 499 ரூபாய்க்கு வரவழைத்தேன். வந்தது மஞ்சள் பூசிய தகரம். ஓய்வு பெற்ற என் கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கியது. 'உதிரிபாகங்களுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று விற்பவர் முடித்துவிட்டார்.
– ஆர்.கே.புரம் வாசகி

ப: அம்மா, நீங்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. படத்தையும் விவரத்தையும் நம்பித்தான் ஆன்லைனில் யாரும் வாங்க முடியும்.

கிண்ணத்தைக் கழற்றி அதில் ஒரு காந்தத்தை வையுங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, அதை ஒரு சின்ன வீடியோவாக எடுத்துவிடுங்கள். விற்பனைப் பக்கம் மறைவதற்குள் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், 'பித்தளை' என்ற சொல்லும் விலையும் தெரிய வேண்டும். சொன்ன தன்மையில் இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பவரைக் கட்டுப்படுத்துகின்றன. 'ரிட்டர்ன் கிடையாது' என்று அவர் எழுதி வைத்துக்கொள்வதால் இது மாறாது. விற்பவரோடு இனி மல்லுக்கட்ட வேண்டாம். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அதிலும் ஆகவில்லையென்றால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தில்லியிலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. 499 ரூபாய்க்கா இவ்வளவு என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படி விட்டுவிடுகிறவர்களை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கே: எந்த பெல் வாங்கினாலும் உடைகிறது. செயின் கழன்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் மாட்டுவேன், அப்போது பெல் தரையில் பட்டு நசுங்குகிறது. கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?
– துவாரகா

ப: கூடாது. கவிழ்ப்பதற்கு முன் பெல்லைத் திருப்பிவிடுங்கள்.

கே: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா, மகள் பள்ளிக்கூடம் போக ஜண்டேவாலானில் சைக்கிள் வாங்கினார். பேசிய விலைக்கு மேல் பெல், பூட்டு, ஸ்டாண்ட், 'ஃபிட்டிங்' என்று 700 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் பெல்லின் நாக்கு உடைந்தது. போய்க் கேட்டால் இது எங்கள் சரக்கே இல்லை என்கிறார்கள். கையில் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு.
– மயூர் விஹார் வாசகி

ப: அந்தத் துண்டுச்சீட்டுக்கு இந்த ஊரில் 'கச்சா பில்' என்று பெயர், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் இருக்காது, என்ன பொருள் என்று இருக்காது, பால்பாயிண்ட் பேனாவில் கிறுக்கிய ஒரு தொகை, அதன் கீழே ஒரு கோடு. கார்பன் தாள்கூட வைப்பதில்லை. ஒழுங்கான பில் கேட்டால் 'பக்கா பில் வேண்டுமா, ஜிஎஸ்டி தனி' என்பார்கள், ஏதோ வரி கட்டச் சொல்லி நாம்தான் அவர்களைத் தண்டிப்பது மாதிரி. எம்ஆர்பி அச்சிட்ட பொருளில் அந்த விலைக்குள்ளேயே எல்லா வரியும் அடக்கம். சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கும் இதே பேச்சுதான். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடையாகவே இருக்கட்டும், பெயர், தேதி, பொருள், தொகை எழுதி ஒரு ரசீது தர என்ன கேடு?

பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஜிஎஸ்டி சட்டத்தில் 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குகிறவர் கேட்காவிட்டால் தனி பில் தர வேண்டியதில்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. கேட்காவிட்டால்தான். கேளுங்கள். அப்புறம் கல்லாவுக்கு மேலே 'பிகா ஹுவா மால் வாபஸ் நஹீ ஹோகா', அதாவது விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது என்று பலகை மாட்டியிருப்பார்கள். பழுதுள்ள பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

இப்போது அந்த அம்மாவுக்கு: பணம் யுபிஐயில் கொடுத்தாரா, அவர் மகன் போனிலிருந்தாவது? கடையின் பெயர், தேதி, தொகை மூன்றும் அதிலேயே இருக்கிறது, அது போதும் ஆரம்பிக்க. ரொக்கம் என்றால் துண்டுச்சீட்டைப் படம் எடுங்கள், பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் பொறித்திருக்கும், அதையும் எடுங்கள். பிறகு நீங்கள் கூடப் போங்கள். ஹிந்தியில் தைரியமாகப் பேசக்கூடிய ஒருவர் பக்கத்தில் நின்றால் அவர்கள் தொனியே மாறும், வருத்தமான விஷயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது. 1915-க்குப் போன் போடப்போகிறோம் என்று கடையிலேயே சொல்லுங்கள். பெல்லை மாற்றித் தருவார்கள் என்று நினைக்கிறேன். 'ஃபிட்டிங்' காசை விடாதீர்கள், முதலில் பேசிய விலை மாட்டித் தருவதற்கும் சேர்த்துத்தானே என்று கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கே: 120 டெசிபல், ஆறு வித சத்தம், மழைக்கு ஒன்றும் ஆகாது என்று பேட்டரி ஹாரன் விற்கிறார்கள். பெல்லுக்குப் பதில் வாங்கலாமா?
– சாகேத்

ப: நான் வாங்கினேன். ஜூலை மழையில் ஒருநாள் நனைந்தது, அன்று ராத்திரி மாடிப்படிக்குக் கீழே நின்ற சைக்கிள் தானாகவே ஆம்புலன்ஸ் மாதிரி அலற ஆரம்பித்தது. பனியனோடு ஓடிப்போய் ஒயரைப் பிய்த்துப் போட்டேன். ஹாரன் இப்போது டிராயரில் கிடக்கிறது, எதிர்வீட்டுக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யாருக்காக அடிக்கிறோம் என்று யோசியுங்கள். கண்ணாடி ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு போகும் காருக்கு பெல்லோ ஹாரனோ கேட்காது, அங்கே பிரேக்தான். பெல் கேட்கப்போவது நடக்கிறவருக்கும் பக்கத்து சைக்கிளுக்கும். நேரு பார்க் ஓரமாக வாக்கிங் போகும் பெரியவர் முதுகுக்குப் பின்னால் 120 டெசிபலை ஊதினால் அவர் ஒதுங்க மாட்டார், திடுக்கிட்டு உங்கள் பக்கமே துள்ளுவார்.

கே: ஜனவரிப் பனியில் தடித்த கையுறை போட்டு ஓட்டுகிறேன். வெயில் காலத்தில் சரியாக எட்டிய பெல் இப்போது விரலில் சிக்கவே மாட்டேன் என்கிறது.
– மயூர் விஹார், பேஸ் 3

ப: உங்களிடம் இருப்பது ஸ்பிரிங் சுத்தியலைச் சுண்டிவிடும் வகை போலிருக்கிறது, அதன் நுனி சின்னது, கம்பளிக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியாது. கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் சுழன்று 'ட்ரிங் ட்ரிங்' என்று அடிக்கும் பழைய வகைக்கு மாறுங்கள், அதன் நாக்கு அகலம், விலையும் குறைவு. கிரிப்போடு இன்னும் ஒரு விரல்கடை நெருக்கி மாட்டுங்கள், கையுறை போட்டால் கட்டைவிரல் அவ்வளவு தூரம் நீளாது. வாங்கப் போகும்போது கையுறையோடு போய், கடையில் நாலைந்தை அடித்துப் பார்த்தே எடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பில் கேட்டால் இன்னும் முறைப்பார்.