கல்லூரியைப் பார்த்துவிட்டு வரக் கடன் எதற்கு?

கேள்வி: நியூஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். என் அண்ணன் மனுப் போட்டு, பதினான்கு ஆண்டு காத்திருந்து, கிரீன் கார்டில் வந்தவர்கள் நாங்கள். கணவர் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறேன். இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 58,000 டாலர். அவர் பாலிடெக்னிக் டிப்ளமா, நான் பிளஸ் டூ. மகள் பதினோராம் வகுப்பை முடிக்கிறாள், முதல் வரிசையில் படிப்பவள். மகன் ஏழாம் வகுப்பு. "கல்லூரியை நேரில் போய்ப் பார்த்தால்தான் இடம் கிடைக்கும்" என்று டாலஸில் இருக்கும் அண்ணன் சொன்னதால், ஏப்ரலில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சிகாகோவுக்கும் பாஸ்டனுக்கும் போய் வந்தோம். எங்கள் பங்கு 3,400 டாலர் கிரெடிட் கார்டில் நிற்கிறது. வட்டி 26 சதவீதம். மாதம் 95 டாலர் கட்டுகிறோம். ஆகஸ்டில் கலிபோர்னியா போக வேண்டும் என்கிறார். அதற்கு எங்கள் பங்கு 4,200. கணவரின் பழைய வேலையில் 401கே என்ற ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்த பணத்திலிருந்து எடுக்கலாமா? மகளின் பள்ளி ஆலோசகர், கல்லூரிகளே செலவு செய்து அழைத்துப் போகும் திட்டங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். "அது நமக்கானது அல்ல, அதில் பெயர் கொடுத்தால் ஏழை என்று குறித்துக்கொண்டு கழித்துவிடுவார்கள்" என்கிறார் அண்ணன். அவருடைய நண்பர் ஒருவர், மாதம் 200 டாலரில் ஐயூஎல் என்ற, பங்குச்சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு எடுத்தால் படிப்புச் செலவுக்கும் ஆகும் என்கிறார். எங்களிடம் மாதம் மிஞ்சுவதே அந்த 200தான். பி.கு.: அந்தப் பட்டியல் மூன்று வாரமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. மகள் இரண்டு பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

பதில்: 401கே பணத்தைத் தொடாதீர்கள், சகோதரி. கலிபோர்னியாவுக்கும் போகாதீர்கள். ஐயூஎல் நண்பரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி பின்குறிப்பில் இருக்கிறது. அதற்கு வருமுன் கடனைப் பார்த்துவிடுவோம்.

3,400 டாலருக்கு 26 சதவீதம் என்றால் மாத வட்டி ஏறக்குறைய 74 டாலர். நீங்கள் கட்டும் 95இல் அசலுக்குப் போவது 21 டாலர்தான். இந்த வேகத்தில் கடன் தீர எழுபது மாதம், அதாவது ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 3,200 டாலரைத் தொட்டிருக்கும். மகள் கல்லூரியில் சேர்ந்து, நான்கு ஆண்டு படித்துப் பட்டமும் வாங்கியிருப்பாள். எந்தக் கல்லூரி என்று பார்க்கப் போன செலவுக்கு நீங்கள் அப்போதும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதன் மேல் 4,200 ஏறினால் பாக்கி 7,600. அதற்கு மாத வட்டி 165 டாலர். 95 டாலர் வட்டிக்கே போதாது.

401கே கணக்கும் அப்படித்தான். 59½ வயதுக்கு முன் எடுத்தால் 10 சதவீத அபராதம், அதன்மேல் வருமான வரி. உங்கள் வருமானத்துக்கு ஏறக்குறைய கால் பங்கு கரைந்துவிடும். கையில் 4,200 வர வேண்டுமானால் 5,500 எடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. உதவித்தொகைக்கான மத்தியப் படிவமான ஃபாஃப்சா, ஓய்வுக்காலக் கணக்கில் கிடக்கும் பணத்தைச் சொத்தாகக் கணக்கிடுவதில்லை. வெளியே எடுத்த நிமிடம் அது வருமானமாகிவிடும். படிவம் இரண்டு ஆண்டு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது என்பதால், இந்த ஆண்டு எடுப்பது மகளின் இரண்டாம் ஆண்டு உதவித்தொகையில் வந்து உதைக்கும். கண்ணுக்குத் தெரியாமல் பத்திரமாக இருக்கும் பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு அபராதமும் கட்ட வேண்டுமா?

இப்போது உண்மையான நோய். உங்கள் வருமானம் சிறிது, ஆனால் வீட்டுக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. வேறு கடன் எதையும் நீங்கள் எழுதவில்லை. கார்டில் நிற்கும் ஒவ்வொரு டாலரும் அண்ணன் போகும் விமானத்தில் போய், அண்ணன் தங்கும் ஓட்டலில் தங்கியதால் வந்தது. அவர் உங்களை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர். குழந்தைக்குத் தாய்மாமன். அவர் சொல்லை மறுப்பது நன்றி கெட்ட செயல் என்று உங்களுக்குத் தோன்றுகிறது; எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அவர் அன்போடுதான் சொல்கிறார் என்றும் நம்புகிறேன். ஆனால் அவர் வருமானத்துக்குச் சரியாக இருக்கும் வழி உங்கள் வருமானத்துக்குக் குழி. அவர் பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காது, அதனால் அந்தப் பாதையை அவர் விசாரித்திருக்கவே மாட்டார். உங்கள் பிள்ளைக்குக் கதவே அந்தப் பக்கம்தான்.

"நேரில் பார்த்தால்தான் இடம்" என்பதை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பிப்பவர் எவ்வளவு ஆர்வம் காட்டினார் என்பதைச் சில கல்லூரிகள் கணக்கில் எடுப்பது உண்மை. பல கல்லூரிகள் எடுப்பதே இல்லை. எம்ஐடி அதை வெளிப்படையாகவே சொல்கிறது. பல கல்லூரிகள் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையில் இதற்கென்று ஒரு வரி இருக்கிறது. மகளை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆர்வத்தை எடைபோடும் கல்லூரிகளிலும் இணையவழி அறிமுகக் கூட்டத்தில் பெயர் பதிந்து உட்கார்ந்தால் அது பதிவாகும். அதற்குச் செலவு இல்லை. ஆகஸ்டில் போனால் பெரும்பாலான வளாகங்களில் வகுப்பும் இருக்காது, மாணவர்களும் இருக்க மாட்டார்கள். கட்டடங்களைப் பார்த்துவிட்டு, கல்லூரிக் கடையில் பெயர் போட்ட மேல்சட்டை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

இனி அந்தப் பட்டியல். ஆங்கிலத்தில் 'ஃப்ளை-இன்' என்று சொல்லும் திட்டங்கள் இவை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரைக் கல்லூரி தன் செலவில் விமான டிக்கெட் எடுத்து அழைக்கும், இரண்டு மூன்று நாள் விடுதியில் ஒரு மாணவரோடு தங்கவைக்கும், வகுப்பில் உட்காரவைக்கும், உதவித்தொகை அலுவலரோடு பேசவைக்கும். வில்லியம்ஸ் கல்லூரியின் 'விண்டோஸ் ஆன் வில்லியம்ஸ்', மெய்ன் மாநிலத்தில் பௌடின் கல்லூரியின் 'எக்ஸ்ப்ளோர் பௌடின்', கலிபோர்னியாவில் பொமோனா கல்லூரியின் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் பொமோனா' ஆகியவை நெடுநாளாகப் பேசப்படுபவை. பொமோனா இருப்பது லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே கிளேர்மாண்டில். நீங்கள் 4,200 டாலர் கொடுத்துப் போக நினைத்த அதே கலிபோர்னியா.

"நமக்கானது அல்ல" என்பது தவறான தகவல். முன்பு இவற்றில் பல, குறிப்பிட்ட இனத்தவரை முன்னிறுத்தி நடந்தன. 2023 ஜூனில், சேர்க்கையில் இனத்தை எடைபோடுவதை உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகு, பல கல்லூரிகள் விதிகளை மாற்றி எழுதின. இப்போது அதிகம் பார்க்கப்படுவது வருமானமும், குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரியா என்பதும்தான். சிற்றூர் மாணவர்களுக்கெனவும் 2023இல் 16 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. எடிசனுக்கு அது பொருந்தாது. முதல் தலைமுறை என்றால், பெரும்பாலான இடங்களில், பெற்றோர் இருவரில் ஒருவரும் நான்காண்டுப் பட்டம் பெறாதவர் என்று பொருள். பாலிடெக்னிக் டிப்ளமா பட்டம் ஆகாது. நம் ஊரில் அதைச் சொல்லக் கூசுவோம். இங்கே படிவத்தில் அதை அப்படியே எழுதுங்கள். மகளுக்கு அது பலம்.

"ஏழை என்று கழித்துவிடுவார்கள்" என்பதும் அப்படியே. வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேடித்தான் அந்தக் கல்லூரிகள் இந்தச் செலவைச் செய்கின்றன. கழிப்பதற்காக யாரும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒரு கல்லூரி தன் பணத்தில் மாணவியை அழைப்பது அரசு உதவியும் அல்ல. கிரீன் கார்டுக்கோ பின்னாளில் குடியுரிமைக்கோ அது குறுக்கே வராது. இந்தப் பயத்தோடு வரும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்.

போட்டி கடுமை என்பதையும் மறைக்க மாட்டேன். நான்கைந்து இடங்களுக்கு எழுதினால் ஒன்று கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் சேர்க்கையும் இல்லை என்று பொருள் அல்ல. விண்ணப்பம் கோடையிலேயே திறந்து, ஜூலை முதல் செப்டம்பருக்குள் முடிந்துவிடும். பயணம் பெரும்பாலும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில். பெற்றோரை வழக்கமாக அழைப்பதில்லை. பதினேழு வயதுப் பெண்ணைத் தனியாக விமானத்தில் அனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எந்த விமானம், யார் வந்து அழைத்துப்போவார், இரவில் யாருடைய அறை, அவசரத்துக்கு எந்த எண் என்று நான்கு கேள்விகளை எழுதிக் கல்லூரி அலுவலகத்துக்கே போன் செய்யுங்கள். தயங்காமல் சொல்வார்கள். விமான நிலையம் வரை போகும் செலவு, பெட்டிக் கட்டணம், மெய்ன் என்றால் ஒரு கனமான கோட்டு ஆகியவற்றுக்காக நூறு டாலர் ஒதுக்கிவையுங்கள், போதும்.

இதோடு குவெஸ்ட்பிரிட்ஜ் என்ற பெயரை அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வசதி குறைந்த, நன்றாகப் படிக்கும் மாணவர்களைக் கல்லூரிகளோடு பொருத்திவைக்கும் அமைப்பு அது. நான்கு பேர் குடும்பத்துக்கு 65,000 டாலருக்குள் வருமானம் உள்ளவர்களைத்தான் அவர்கள் பெரும்பாலும் எடுக்கிறார்கள், நீங்கள் 58,000. செப்டம்பர் இறுதிக்குள் விண்ணப்பம், டிசம்பர் 1 அன்று முடிவு, பொருந்தினால் நான்காண்டுக்கும் முழு உதவி. ஆகஸ்டில் ஒரு வாரம் கிடைக்கிறது என்றால், மகள் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களுக்கான கட்டுரைகளை எழுத வேண்டிய வாரம் அது.

ஐயூஎல் பற்றி இரண்டு வரி போதும் என்று நினைத்தேன், ஆனால் நம் சமூகக் கூட்டங்களில் இது பரவும் வேகம் எனக்குக் கவலை தருகிறது. முதல் சில ஆண்டுகளில் நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி கமிஷனுக்கும் காப்பீட்டுச் செலவுக்கும் போகும். நடுவில் விட்டால் சரண்டர் கட்டணம்; பல பாலிசிகளில் அது பத்து ஆண்டுக்கு மேலும் நீள்கிறது. உங்கள் மகள் கல்லூரிக்குப் போவதற்கு இருப்பது பதினைந்து மாதம். மாதம் 200 வீதம் 3,000 கட்டியிருப்பீர்கள். அந்தச் சமயத்தில் எடுக்கப் போனால் கைக்கு ஒன்றும் வராமலே போகலாம். "இதில் போட்ட பணம் ஃபாஃப்சா படிவத்தில் தெரியாது" என்று அந்த நண்பர் சொல்வார். 58,000 வருமானக் குடும்பத்துக்கு மறைக்க என்ன சொத்து இருக்கிறது? கணவர் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் இருபது ஆண்டு டேர்ம் பாலிசி வாங்குங்கள். இதில் சிறு பங்குதான் ஆகும்.

அந்த 200 டாலரைக் கார்டுக்குத் திருப்புங்கள். 95ஓடு சேர்த்து மாதம் 295 கட்டினால் பதிமூன்று, பதினான்கு மாதத்தில் கடன் முடிந்துவிடும். வட்டி மொத்தம் 550 டாலர் அளவில் நிற்கும். 3,200 எங்கே, 550 எங்கே. மகள் கல்லூரிக்குக் கிளம்புமுன் அந்தக் கார்டு சுத்தமாகிவிடும்.

வளாகம் என்றால் எப்படி இருக்கும் என்று மகள் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எடிசன் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நியூ பிரன்ஸ்விக், இறங்கினால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். அதே வண்டியில் இன்னும் கொஞ்சம் போய் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் 'டிங்கி' என்கிற சிறிய ரயிலுக்கு மாறினால் பிரின்ஸ்டன் வாசலிலேயே விடுவார்கள். ஆண்டு வருமானம் 150,000 டாலருக்குள் உள்ள பெரும்பாலான குடும்பங்கள் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எதற்கும் பணம் கட்ட வேண்டாம் என்று 2025இல் அறிவித்த பல்கலைக்கழகம் அது. கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு நால்வரும் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். தொலைவில் இருப்பவற்றை, இடமும் உதவித்தொகைக் கடிதமும் கையில் வந்த பிறகு பார்த்தால் போதும். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு மூன்றுதான் இருக்கும். வசதி குறைந்த மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்தப் பயணச் செலவையும் தருகின்றன, கேட்டால்.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், கணவரைப் பேசவைக்காதீர்கள். "அண்ணே, பாப்பாவைக் கல்லூரிக்காரர்களே அழைத்துப் போகிறார்களாம், அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது, ஆகஸ்டில் எங்களால் வர முடியாது. அவள் எழுதும் கட்டுரையை நீங்கள் ஒருமுறை படித்துச் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். மருமகளுக்கு அவர் செய்யக்கூடிய உதவி இதுதான். உங்களுக்கு ஒரு டாலரும் செலவாகாது.

இன்று இரவு அந்தத் தாளைக் கதவிலிருந்து எடுத்து, அவள் வட்டமிட்ட இரண்டு பெயர்களையும் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, இரண்டுக்கும் கடைசித் தேதி என்ன என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.