பயப்பட வேண்டியது இதயத்தைப் பற்றியன்று, இடது காலைப் பற்றி

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. படபடப்பைப் பற்றியும், எந்த நேரமும் மாரடைப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தைப் பற்றியும் இரண்டு பக்கங்கள் எழுதிவிட்டு, இடது கெண்டைக்கால் நான்கு நாட்களாக வீங்கிக் கனக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறது, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டும் குறையவில்லை என்பதை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். அன்றே டாப்ளர் ஸ்கேன் (இரத்தக்குழாய்களில் இரத்தம் ஓடுவதைக் காட்டும் பரிசோதனை) வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லும்படி, கடிதம் கிடைத்தவுடன் உங்களுக்குத் தகவல் அனுப்பச் செய்தேன். வீட்டிலிருந்து இணையவழியில் பாடம் நடத்தும் மற்ற ஆசிரியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால், காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

கால்களிலுள்ள இரத்தம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப, கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து சிரைகளை அழுத்திக்கொடுக்க வேண்டும். கல்லூரிக்குச் சென்றுவந்த நாட்களில் துறையிலிருந்து வகுப்பறைக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும் நடப்பதிலேயே அந்த வேலை தானாக நடந்துவிட்டது. இப்போது நாகமலை புதுக்கோட்டையிலுள்ள உங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்த, காலை ஒன்பது மணி வகுப்பிலிருந்து இரவு மதிப்பெண் பதிவேற்றுவது வரை எழுந்திருக்காமல் அமர்ந்திருக்கிறீர்கள். இப்படித் தேங்கும் இரத்தம், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ஆழ்சிரைக்குள் உறைந்து கட்டியாகலாம். அதற்கு மேல், சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கத் தடையாக இருக்கக் கூடாது என்று, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டக்கூடிய ஹார்மோன் மாத்திரைகளை, உடல் எடை, முன்பு இரத்தக்கட்டி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று எதையும் விசாரிக்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும், படித்தவர்களே அதை வாங்கிச் செல்வதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

மாலையில் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இலேசாக வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது பெரும்பாலும் நெடுநேரம் அமர்ந்திருப்பதால் வருவதே. ஒரு கால் மட்டும் வீங்குவது வேறு செய்தி. முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே, தையல் அளவுநாடாவால் இரு கால்களையும் அளந்து பாருங்கள்; மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆழ்சிரை இரத்தக்கட்டியை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தாலும், வலியும் சூடும் சேர்ந்திருந்தால் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அந்தக் காலை உருவிவிடவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவாக இருந்தாலும் 108ஐ அழையுங்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பொதுவாக மூன்று மாதங்களாவது கொடுத்துச் சரிசெய்துவிடலாம். ஆஸ்பிரின் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது, விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி படபடப்பு. இரவு படுத்தபின் வருகிறது, எழுந்து நடந்தால் மறைகிறது, ஈசிஜியும் எக்கோவும் இயல்பாக உள்ளன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு அப்படி வருவதில்லை. கால் சரியானபின் இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை நள்ளிரவில் இணையத்தில் தேடிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தேடலே துடிப்பைக் கூட்டுகிறது. நீங்கள் எழுதியுள்ள கழுத்துவலிக்குத் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை தேவையில்லை.

மன அழுத்தத்தை நான் சிறியதாக எண்ணவில்லை. கேமராவை அணைத்துவிட்ட அறுபது மாணவர்களின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே, யாருக்குப் புரிந்தது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் பேசுவது உடலையும் மனதையும் களைப்படையச் செய்யும் உழைப்பு. இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் மாணவர்களுக்குப் பதில் எழுதுகிறீர்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு பதில் வராது என்று குழுவில் ஒருமுறை அறிவித்துவிடுங்கள், அவசரமென்றால் அழைப்பார்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, மாடிப்படி ஏறி இறங்கியோ குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கியோ கெண்டைக்காலுக்கு வேலை கொடுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்கள் வீட்டிலிருந்து கீழக்குயில்குடி தொலைவில் இல்லை. வெயில் ஏறுமுன் சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளத்தை ஒட்டி நாளும் அரை மணி நேரம் வேகமாக நடந்தாலே அதன் குறைந்தபட்ச அளவைத் தாண்டிவிடலாம். ஆனால் ஸ்கேன் முடிவைப் பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகே நடைப்பயிற்சி.

அவ்வளவும் செய்தபின்னும் தூக்கம் வராமல் பயம் தொடர்ந்தால், தோழி கொடுத்த தூக்க மாத்திரையைத் தேடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வெளியே செல்ல இயலாத நாளில், மத்திய அரசின் தொலைபேசிவழி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.