மூடுபனிக்குள் வாள் வீசினால்: 3.5 பதிப்பின் மறைவு விதிகள், கேள்வி பதில்

(2003இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கற்பனை விளையாட்டின் 3.5 விதிகளை வைத்தே பதில்கள். வேறு பதிப்பென்றால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.)

பனிக்குள் நிற்கிற எதிரிக்கு ஏசியில் (அவரை அடிக்க எட்ட வேண்டிய எண்) எவ்வளவு கூட்டணும்?

ஒன்றுமே கூட்டக் கூடாது. ஏசியைக் கூட்டுவது சுவர், மரம் போன்ற அரண், அதற்கு +4. மறைவு கண்ணைத்தான் மறைக்கும், அம்பைத் தடுக்காது. வழக்கம்போல டி20 (இருபது முகப் பகடை) உருட்டுங்கள். அடி விழுந்தால் மட்டும், அடி வாங்குபவர் சதவீதப் பகடை (1 முதல் 100 வரை) உருட்டுவார். சாதாரண மறைவில் 20 வரை வந்தால் அடி வீண். முழு மறைவில் 50 வரை. மந்திரப் பனியில் ஐந்தடி தூரத்தில் நிற்பவருக்குச் சாதாரண மறைவு, அதற்கு அப்பால் முழு மறைவு. மரத்துக்குப் பின்னால் பனியில் நின்றால் +4, சதவீதம் இரண்டும் உண்டு.

பனிக்குள் நிற்பவர் மேல் உருவை மங்கலாக்கும் பிளர் மந்திரமும் இருக்கு. 20ம் 20ம் 40தானே அண்ணா?

இல்லை தம்பி. மறைவுகள் ஒன்றோடொன்று கூடாது. எது பெரிதோ அது மட்டும்.

என் ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) பின்னால் போய்க் குத்தியும் ஸ்நீக் அட்டாக் (தற்காக்க முடியாதவரைக் குத்தினால் வரும் கூடுதல் சேதம்) கிடையாதுன்னு டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சொல்லிட்டார். நியாயமா?

வெளிச்சம் எவ்வளவு இருந்தது? தீப்பந்தம் 20 அடிக்குத்தான் நல்ல வெளிச்சம் தரும். அங்கிருந்து 40 அடி வரை மங்கல். மங்கலில் நிற்பவருக்கு 20 சதவீத மறைவு, மறைவிருந்தால் ஸ்நீக் அட்டாக் இல்லை. எனவே டிஎம் சொன்னது சரி. மனித ரோக்குகள் அடிக்கடி ஏமாறும் இடம் இதுதான். இரண்டு பொற்காசுக்கு சன்ராட் (ஒளிரும் கோல்) வாங்குங்கள்: 30 அடி நல்ல வெளிச்சம், ஆறு மணி நேரம் எரியும். இருளிலும் பார்க்கும் டார்க்விஷன் உள்ள குள்ளருக்கு 60 அடிக்குள் இந்தத் தொல்லையே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத மந்திரவாதியை எப்படி அடிப்பது?

ஆட்ட வரைபடத்தில் அவர் நிற்கும் கட்டத்தை ஊகித்து அதில் வீசுங்கள். கட்டம் சரியாக இருந்தாலும் விழும் அடிகளில் பாதி வீண். தவறினால் முழுவதும் வீண். சதவீதப் பகடையை டிஎம் திரைக்குப் பின்னால் உருட்டுவதே நல்லது. மேசையில் உருட்டினால் கட்டம் சரியா தவறா என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். அவர் நகரும்போது வாய்ப்புத் தாக்குதலும் (எதிரி அசரும்போது கிடைக்கும் இலவச அடி) கிடையாது, இருக்கும் கட்டம் தெரிந்தால்கூட. மேஜிக் மிசைல் மந்திரத்துக்கு இலக்கு கண்ணில் பட வேண்டும், ஆகவே பயன்படாது. நெருப்பாக வெடிக்கும் ஃபயர்பால் மந்திரத்துக்குச் சதவீதமே இல்லை; கட்டம் வெடிப்பின் எல்லைக்குள் இருந்தால் போதும். கிளிட்டர்டஸ்ட் மந்திரம் இருந்தால் அதையே முதலில் போடுங்கள், மின்னும் தூள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் பதிப்பிலும் இந்தச் சதவீதம் உண்டா?

இல்லை. அங்கே காணாத இலக்கை அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு டி20 உருட்டிச் சிறியதை எடுப்பது), உங்களைக் காணாதவரை அடித்தால் அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). அடர்பனிக்குள் இருவருக்கும் கண் தெரியாது; இரண்டும் கழிந்து சாதாரண உருட்டல்தான். இதில் ஒரு கூத்து: தொலைதூர வில்லாளிக்குத் தூரத்தால் வரும் டிஸ்அட்வான்டேஜும் அதே அட்வான்டேஜில் அடிபட்டுப் போகும். விதிப்படி சரி, ஆனாலும் என் மேசையில் விட மாட்டேன்.