அறுபதாம் கல்யாணம் முடிஞ்சு அப்பா அம்மாவுக்கு சென்னையில ரெண்டு நாள்: எந்த ஹோட்டல்?

திருக்கடையூர்ல சாந்தி முடிச்சுட்டு கும்பகோணத்துலேர்ந்து அப்பா அம்மாவ சென்னைக்கு அனுப்பப் போறீங்க, கிராண்ட் சோழாவா லீலா பேலஸா கன்னிமாராவான்னு கேட்டிருக்கீங்க, அப்பாவுக்கு மூட்டுவலி வேறன்னு சொல்றீங்க. நான் கன்னிமாராதாங்க சொல்லுவேன். கிண்டியில இருக்க கிராண்ட் சோழா பிரமாண்டம்தான், 600 ரூம், ஆனா அந்தக் கட்டடத்துக்கே தஞ்சாவூர் பெரிய கோயில்தான் முன்மாதிரி, அதை நெனச்சப்ப போய்ப் பாக்குறவங்களுக்கு அந்த ஹோட்டல் என்ன பெரிய புதுசா இருக்கப்போகுதுன்னு யோசிங்க, அதோட அவ்வளவு பெரிய எடத்துல நடையும் ஜாஸ்தி. கன்னிமாரா மவுண்ட் ரோட்டை ஒட்டி, வெள்ளக்காரன் காலத்து ஹோட்டல், எழும்பூர் ஸ்டேஷன்லேர்ந்து கிட்டக்க. ராத்திரி அங்கயே இருக்க ரெயின்ட்ரீ ரெஸ்டாரண்ட்ல மரத்தடியில உக்காந்து செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிடலாம், அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். கடல் பாக்கணும்னு அம்மா ஆசைப்பட்டா மட்டும் லீலா, அதுலயும் கடல் பாத்த ரூம்தான்னு மெயில்ல எழுதி வாங்கிக்குங்க.

முக்கியமா, ராத்திரி ரயில் உழவன் எக்ஸ்பிரஸ்ல அனுப்பாதீங்க, விடியறதுக்குள்ள எழும்பூர்ல இறக்கிவிட்டுரும், செக்-இன் மத்தியானம்தான், அதுவரைக்கும் வயசானவங்க லாபியில உக்காந்திருக்கணும். பகல்ல போற சோழன் எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிடுங்க, சாயங்காலம் போய் நேரா ரூமுக்குப் போயிரலாம். வாடகை ஒரு நாளைக்கு 7500க்கு மேல போனா 18% ஜிஎஸ்டி, அதையும் சேத்துக் கணக்குப் போட்டுக்குங்க. புக் பண்ணிட்டு ஹோட்டலுக்கே போன் போட்டு அறுபதாம் கல்யாணம்னு சொல்லி, லிஃப்ட் பக்கத்துல, குளிக்கிற எடத்துல கைப்பிடி இருக்க ரூமா கேளுங்க.