1989-க்கு முன் திருமணமான மகளுக்குப் பூர்வீக நிலத்தில் பங்கு உண்டா?

கேள்வி: எனக்கு 1985-இல் திருமணம் ஆனது. அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பா 2001-இல் உயில் எழுதாமல் காலமானார். தாத்தா வழியில் வந்த நிலமும் வீடும் இருக்கின்றன. "89-க்கு முன்னாலேயே கட்டிக்கொடுத்தாச்சு, உனக்குப் பங்கு இல்லை" என்று இரண்டு அண்ணன்களும் சொல்கிறார்கள். பட்டாவை மாற்ற என் கையெழுத்தும் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: அவசரப்பட்டுப் போடாதீர்கள், அம்மா. உங்களுக்குப் பங்கு உண்டு.

அண்ணன்கள் சொல்லும் சட்டம் ஒரு காலத்தில் இருந்ததுதான். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை மகன்களுக்கே விட்டுவைத்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. ஆனாலும் அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. அப்போதும் 25.3.1989-க்கு முன் திருமணமான மகள்களை விலக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அது பெரிய அநீதி.

அந்த விலக்கு இன்று இல்லை. 9.9.2005 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், திருமணமானவரா இல்லையா என்று பார்க்காமல் எல்லா மகள்களையும் மகன்களுக்குச் சமமாக்கியது. அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை. ஆகவே உங்கள் குடும்பத்தில் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை பெண் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்றிருந்த பிரிவும் 2005-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நகை, சீர் செய்த கணக்கைச் சட்டம் பார்ப்பதில்லை.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். 20.12.2004-க்கு முன்பே பதிவுசெய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அது செல்லும்; அந்தத் தேதிக்கு முன் விற்ற நிலத்தையும் திரும்பக் கேட்க முடியாது. "வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. அப்பா காலத்திலிருந்து இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று எடுத்தால் பதிவானவை தெரிந்துவிடும். அண்ணன்கள் பேருக்குப் பட்டா மாறியிருந்தாலும், அதனாலேயே உங்கள் பங்கு போய்விடாது.

பட்டாவுக்கு என்று நீட்டும் காகிதம் பல வீடுகளில் விடுதலைப் பத்திரமாக இருப்பதுண்டு. "எனக்கு இனி யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்பதுபோல ஒரு வரி நடுவில் இருக்கும். அதில் கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால் மீள்வது மிகக் கடினம். பத்திரத்தின் நகலை வாங்கி உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

முதலில் அண்ணன்களிடம் பேசிப் பாருங்கள். ஒத்துவந்தால் மூவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாம். இல்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள். நிலத்தை விற்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், வழக்கோடு தடையுத்தரவும் கேளுங்கள்.