கேட்டீங்க, சொல்றேன்: டி.ஆர்.ஐ. பேண்டும் மாறிட்டே இருந்த ஆளுங்களும்

போன இதழ்ல ஸ்லேயர்ங்கற அமெரிக்க மெட்டல் பேண்ட் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதுறப்ப, அவங்க 1996-ல போட்ட ‘அன்டிஸ்பியூட்டட் ஆட்டிட்யூட்’ ஆல்பத்துல டி.ஆர்.ஐ.ங்கற பேண்டோட பாட்டு ஒண்ண எடுத்து வாசிச்சிருக்காங்கன்னு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிய புடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் கேப்பீங்கன்னு நினைக்கவே இல்ல. இவங்கள பத்தி யாராவது கேக்க மாட்டாங்களான்னு நான் வருஷக்கணக்கா காத்துட்டு இருந்தேன், அதனால இந்த தடவ மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு முழுக்க இவங்களுக்கே எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணா, டி.ஆர்.ஐ.ன்னு தமிழ்ல தேடினா ஏர்போர்ட்ல தங்கம் புடிச்ச செய்தியாத்தான் வருது. இந்த பேண்ட் எந்த ஊரு, அந்த மூணு எழுத்துக்கு என்ன அர்த்தம்?

தம்பி, நீங்க பாத்தது வருவாய் புலனாய்வு ஆளுங்க. நம்ம ஆளுங்க அமெரிக்கால டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன்ல 1982-ல ஆரம்பிச்சவங்க. பாட்டுக்கு கர்ட் பிரெக்ட், கிட்டாருக்கு ஸ்பைக் காசிடி, டிரம்ஸுக்கு கர்ட்டோட கூடப்பிறந்த எரிக் பிரெக்ட், பேஸுக்கு டென்னிஸ் ஜான்சன். பிரெக்ட் வீட்லயேதான் பிராக்டிஸ். வீடே அதிருற சத்தத்துல அப்பாவுக்கு கோவம் வந்து உள்ள வந்து ‘டர்ட்டி ராட்டன் இம்பெசில்ஸ்’னு திட்டுவாராம், அதாவது நம்ம வீட்ல ‘உருப்படாத கழுதைங்களா’ன்னு கத்துவாங்கல்ல அதே மாதிரி, பசங்க அந்த திட்டையே பேண்டுக்கு பேரா வச்சிட்டாங்க. டி-ஷர்ட்ல எல்லாம் கை கால ஆட்டிக்கிட்டு ஓடுற மாதிரி ஒரு மனுஷன் உருவம் வரும் பாருங்க, அதுவும் எரிக் ஸ்கூல்ல டிராயிங் கிளாஸுக்கு போட்டது. ஒரு வீட்டுக்குள்ளயே பேரும் கெடச்சு லோகோவும் கெடச்சிருச்சு.

அவங்க முதல் ரெக்கார்டு ‘டர்ட்டி ராட்டன் இ.பி.’, 1983. ஏழு இன்ச் சின்ன தட்டு, அதுல 22 பாட்டு. சாதாரணமா அந்த சைஸ் தட்டுல பக்கத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு பாட்டுதான் இருக்கும். இங்க ஒரு பாட்டு சராசரியா ஒரு நிமிஷம் கூட வராது, ஆரம்பிச்சத நீங்க உணர்றதுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா இவ்ளோத்தையும் அதுல அடைச்சா கோடுகள் ரொம்ப நெருக்கமாயிரும், கோடு நெருங்குனா சத்தம் குறையும், அதனால அப்புறம் அதே 22 பாட்ட பெரிய 12 இன்ச் தட்டுல போட்டு ‘டர்ட்டி ராட்டன் எல்.பி.’ன்னு பேர மாத்தினாங்க. ரெண்டும் வேற வேற ரெக்கார்டுன்னு நினைச்சு குழம்பாதீங்க, ஒண்ணேதான்.

கேள்வி: என் மகன் ரூம் கதவ சாத்திட்டு கேக்குறதெல்லாம் இந்த மாதிரி பாட்டுதான். ‘இது ஹார்ட்கோர், அது மெட்டல், இது கிராஸ்ஓவர்’னு பாடம் எடுக்குறான். எனக்கு எல்லாம் ஒரே சத்தம். உண்மையிலேயே வித்தியாசம் இருக்கா?

இருக்கும்மா. காது பழகுற வரைக்கும் தெரியாது. மிருதங்கம் கேட்டு பழகாதவங்களுக்கு எல்லா தனி ஆவர்த்தனமும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அப்படி எடுத்துக்கங்க.

ஹார்ட்கோர்ங்கறது பங்க் இசையோட வேகமான பிள்ளை. பாட்டு ரொம்ப சின்னது, கிட்டார் சோலோ கிடையாது, ஆளுங்க முடிய ஒட்ட வெட்டியிருப்பாங்க, பாட்டு வரிகளெல்லாம் போலீஸ், போர், அமெரிக்க அதிபர் ரீகனோட ஆட்சி, டாக்ஸ், வேலை இதப் பத்தியே இருக்கும். திராஷ் மெட்டல் நீளமான பாட்டு, நீளமான முடி, வலது உள்ளங்கைய கம்பி மேல அமுக்கி வச்சுக்கிட்டு ‘டக்டக்டக்’னு வெட்டி வெட்டி வாசிக்கிற கிட்டார், நடுவுல சோலோ. ரெண்டுமே வேகம்தான், ஆனா ஹார்ட்கோர் வேகம் மூச்சிரைக்க ஓடுற வேகம், திராஷ் வேகம் மெஷின் ஓடுற வேகம். 1980-கள் ஆரம்பத்துல இந்த ரெண்டு கூட்டமும் ஒரே ஹால்ல இருந்தா அடிதடியே நடக்கும், முடி நீளத்த பாத்தே எதிரியான்னு முடிவு பண்ணுவாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணா கலந்ததுதான் கிராஸ்ஓவர். டி.ஆர்.ஐ. 1987-ல போட்ட ஆல்பத்துக்கு பேரே ‘கிராஸ்ஓவர்’தான், அந்த பேருதான் இந்த வகைக்கே நிலைச்சிருச்சு.

இது ஏன் இவங்களுக்கு நடந்ததுன்னா இடம் ஒரு காரணம். 1983-ல ஹூஸ்டன விட்டுட்டு சான் ஃபிரான்சிஸ்கோ போனாங்க. கையில காசில்ல. வேன்லயே தூங்கி, ஷோ இல்லாத நாள்ல ஏழைங்களுக்கு இலவசமா சாப்பாடு போடுற இடத்துல வரிசைல நின்னு சாப்பிட்டு காலத்த ஓட்டினாங்க. 1985-ல வந்த அடுத்த ஆல்பம் ‘டீலிங் வித் இட்’ல ‘சூப் கிச்சன்’னு ஒரு பாட்டே இருக்கு. அதே 1983-லதான் திராஷ் மெட்டல் பேண்டான மெட்டாலிகாவும் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து அந்த பக்கம் குடி வந்தாங்க, இன்னொரு திராஷ் பேண்டான எக்ஸோடஸ் ஏற்கனவே அங்க இருந்தாங்க. ரெண்டு இசையும் பக்கத்து பக்கத்து தெருவுல வளர்ந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம எப்படி இருக்கும்? உங்க மகன் பாடம் எடுத்தா எடுக்கட்டும்மா, ஒரு நாள் கதவத் தட்டி ‘1985-ல வந்தத போடு’ன்னு கேளுங்க, சந்தோஷப்படுவான்.

கேள்வி: நான் ஒரு சின்ன பேண்டுல பேஸ் வாசிக்கிறேன். மூணு வருஷத்துல நாலு டிரம்மர் மாறிட்டாங்க, இனிமே இது நம்ம பேண்டுதானான்னே சந்தேகமா இருக்கு. டி.ஆர்.ஐ.ல பேஸ் ஆளுங்க மாறிட்டே இருந்தாங்கன்னு நண்பன் சொன்னான். அப்ப அது ஒரே பேண்டுன்னு எப்படி சொல்றது?

இந்த கேள்விக்குத்தான் நான் உக்காந்து எழுதணும்னு நினைச்சேன்.

டி.ஆர்.ஐ.ல வீட்டுக்காரங்க ரெண்டு பேர், கர்ட்டும் ஸ்பைக்கும். மீதி ரெண்டு போர்ஷன்லயும் குடித்தனம் மாறிட்டே இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு குடித்தனமும் சுவத்துல ஒரு ஆணி அடிச்சிட்டுத்தான் போயிருக்கு, அத காதால கேக்க முடியும்.

முதல்ல எரிக். அந்த 22 பாட்டும் அவர் அடிச்சதுதான், தடுக்கி விழற மாதிரி போய் விழாம நிக்கிற ஒரு அடி. அவர் விலகிப் போய் பின்னாடி ஹைராக்ஸ்ங்கற கலிபோர்னியா பேண்டோட 1986 ரெக்கார்டுல வாசிச்சார். அவர் இடத்துக்கு ஃபீலிக்ஸ் கிரிஃபின் வந்தார். எரிக் மாதிரியே வேகம், ஆனா கட்டுப்பாடு அதிகம், நிறுத்துற எடத்துல பட்டுன்னு நிறுத்துவார். இந்த நிறுத்தம் இல்லாம அந்த வெட்டி வெட்டி வாசிக்கிற மெட்டல் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வாசிப்பு, உக்காரவே உக்காராது. அதனால டி.ஆர்.ஐ. மெட்டல் பக்கம் போனதுக்கு பாதி காரணம் டிரம்ஸ் ஸ்டூல்ல ஆள் மாறினதுதான்னு நான் உறுதியா நம்புறேன்.

பேஸ் பக்கம் பாருங்க. டென்னிஸ் ஜான்சனுக்கு அப்புறம் ஆள் வந்து போயி, 1985-ல ‘டீலிங் வித் இட்’ ஆல்பத்துக்கு மைக்கி டொனால்ட்சன் வந்தார், ஆஸ்டின்ல ஆஃபெண்டர்ஸ்னு ஒரு பேண்ட், அதோட ஆளு, அதனால மைக்கி ஆஃபெண்டர்னே கூப்பிடுவாங்க. நீங்க பேஸ் வாசிக்கிறீங்க, அதனால சொல்றேன், ஒரு நாள் ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு அந்த ஆல்பத்துல பேஸ மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க. கிட்டாருக்கு நிழலா போகாம தனியா ஒரு வழி போட்டுக்கிட்டு மேலயும் கீழயும் ஓடிட்டே இருக்கும், அந்த வேகத்துல அது சாதாரண காரியம் இல்ல. அவர் தங்கினது கொஞ்ச காலம்தான், 2007-ல இறந்தும் போயிட்டார். ஆனா அந்த 25 பாட்டுலயும் அவர் இருக்கார்.

அப்புறம் ஜாஷ் பாப்பே. ‘கிராஸ்ஓவர்’, 1988-ல வந்த ‘ஃபோர் ஆஃப் எ கைண்ட்’ ரெண்டுலயும் அவர்தான், கர்ட், ஸ்பைக், ஜாஷ், ஃபீலிக்ஸ் இந்த நாலு பேரத்தான் நிறைய பேர் அசல் டி.ஆர்.ஐ.ன்னே நினைச்சுக்கறாங்க, ஆனா பாருங்க, இதுல ரெண்டு பேர் முதல் ரெக்கார்டுல இல்லவே இல்ல. ஜாஷ் பாஸ்டன் பேண்டு கேங் கிரீனுக்கு போனதும் ஜான் மேனர் வந்து 1989-ல ‘திராஷ் ஸோன்’. அது முடிஞ்சு ஃபீலிக்ஸும் போயிட, ராப் ராம்பி டிரம்ஸுக்கு வந்தார், 1992-ல ‘டெஃபினிஷன்’. 1995-ல ‘ஃபுல் ஸ்பீட் அஹெட்’, அதுக்கு பேஸ் சம்லி போர்ட்டர்.

அதுக்கப்புறம் வந்த ஹரால்ட் ஓய்மோன் கதைதான் எனக்கு ரொம்ப புடிச்சது. அவர் அடிப்படைல போட்டோகிராபர். 1980-கள்ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் நடந்த ஷோவுல எல்லாம் முன் வரிசைல நின்னு மெட்டாலிகா, எக்ஸோடஸ், ஸ்லேயர்னு சின்ன பசங்களா இருந்தப்பவே படம் புடிச்சவர், அந்த படங்கள நண்பர் ஒருத்தரோட சேர்ந்து 2011-ல ‘மர்டர் இன் த ஃபிரண்ட் ரோ’ன்னு பெரிய புத்தகமாவே போட்டார். மேடைக்கு கீழ நின்ன ஆளு மேடை ஏறி பல வருஷம் டி.ஆர்.ஐ.க்கு பேஸ் வாசிச்சார். அவருக்கு அப்புறம் கிரெக் ஓர். டிரம்ஸ்லயும் ராம்பிக்கு அப்புறம் மறுபடி ஆள் மாறுச்சு.

உங்க கேள்விக்கு வரேன். ஒரே பேண்டான்னு கேட்டா ஆமாம், ஏன்னா ரிஃப் ஸ்பைக்கோடது, அவர் வலது கை எங்க கேட்டாலும் தெரியும், அது மேல கர்ட் பாட்டா பேச்சான்னு தெரியாம கொட்டுறது. ஒரே மாதிரி பேண்டான்னு கேட்டா இல்ல. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. உங்க பேண்டுல முதல் நாள்ல இருந்து மாறாத ரெண்டு பேர் யாருன்னு பாருங்க, அதுல நீங்க ஒருத்தரா இருந்தா புது டிரம்மர் கிட்ட ‘பழைய ஆள் அடிச்ச மாதிரியே அடி’ன்னு தயவு செஞ்சு சொல்லாதீங்க. ஃபீலிக்ஸ் கிட்ட எரிக் மாதிரி அடிக்க சொல்லியிருந்தா ‘கிராஸ்ஓவர்’ வந்தே இருக்காது.

கேள்வி: ‘கிராஸ்ஓவர்’ல இருந்து அவங்க காசுக்காக மெட்டலுக்கு மாறிட்டாங்கன்னு பழைய பங்க் ரசிகர்கள் சொல்றாங்களே, சரியா?

எனக்கு ஒப்புதல் இல்ல. ‘டீலிங் வித் இட்’ வந்ததே மெட்டல் பாட்டு வெளியிடுற மெட்டல் பிளேட் ரெக்கார்டு கம்பெனியோட கிளை லேபிள்லதான், அப்ப யாரும் கத்தல. 25 பாட்டு 12 பாட்டா ஆச்சு, பாட்டு மூணு நாலு நிமிஷம் ஆச்சு, அது உண்மை. ஆனா வரிகள்ல பேசின விஷயம் மாறல. ‘ஃபோர் ஆஃப் எ கைண்ட்’ அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் விற்பனை பட்டியல்ல 116-வது இடம் வந்துச்சு, இந்த மாதிரி இசைக்கு அது பெரிய விஷயம்தான், அத வச்சு யாரும் மாளிகை கட்டல. எனக்கு வருத்தம் இருக்கறது ‘திராஷ் ஸோன்’ல கொஞ்சம் பாட்டு மேலதான், நல்லா வாசிச்சிருக்காங்க, ஆனா மூச்சிரைக்கறது நின்னு போச்சு. அத காசு மேல போடறது நியாயமில்ல, மனுஷன் கத்துக்கிட்டா அவன் வாசிப்பு மாறத்தான் செய்யும்.

கேள்வி: ஒரு ஹார்ட்கோர் ஆல்பம் அட்டைல நரசிம்மர் படம் பாத்தேன். அது இவங்களா?

இல்லைங்க, அது நியூயார்க்ல இருந்து வந்த க்ரோ-மேக்ஸ், 1989-ல வந்த ‘பெஸ்ட் விஷஸ்’. இரண்யன் வயித்த கிழிக்கிற நரசிம்மரேதான். அந்த பேண்டுல ஜான் ஜோசஃப், ஹார்லி ஃபிளனகன் ரெண்டு பேரும் ஹரே கிருஷ்ணா பக்தி பக்கம் போனவங்க. 1986-ல வந்த அவங்க முதல் ஆல்பம் ‘த ஏஜ் ஆஃப் குவாரல்’, அப்படின்னா நம்ம கலியுகம்தான், கலின்னா சண்டைன்னு அர்த்தம் வருதுல்ல. அங்கயும் ஆள் மாற்றம்தான், நரசிம்மர் அட்டை ஆல்பத்துல ஜான் ஜோசஃப் பாடவே இல்ல, பேஸ் வாசிச்ச ஹார்லியே பாடினார். பின்னாடி அவங்களுக்குள்ள பேண்டு பேருக்கே வழக்கு வரைக்கும் போச்சு, அது பெரிய கதை, தனியா ஒரு இதழ்ல எழுதறேன்.

கேள்வி: டி.ஆர்.ஐ. இன்னும் இருக்காங்களா? புதுசா கேக்கறவங்க எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

இருக்காங்க. 2006-ல ஸ்பைக்குக்கு பெருங்குடல் புற்றுநோய்னு தெரிஞ்சதும் எல்லாம் நின்னு போச்சு. இவ்ளோ ஆளுங்க மாறியும் நிக்காத பேண்ட், அந்த ஒரு ஆளு படுத்ததும் நின்னுருச்சு, மூணாவது கேள்வி கேட்ட பேஸ் தம்பி இத கவனிக்கணும். வேற கிட்டார் ஆள போட்டு டூர் போகல. அவர் சிகிச்சை எடுத்து தேறி வந்தப்புறம்தான் மறுபடி மேடை ஏறினாங்க.

ஆரம்பிக்கறதுன்னா நேரா ‘டீலிங் வித் இட்’. முதல் ரெக்கார்டுல இருந்து ஆரம்பிச்சா பாதி பேர் பயந்து ஓடிருவாங்க. அது புடிச்சா ‘கிராஸ்ஓவர்’, அதுல முதல் பாட்டு ‘ஃபைவ் இயர் பிளான்’ல இருந்து வரிசையா. அதுக்கப்புறம் பின்னாடி திரும்பி அந்த 22 பாட்டு. ‘டெஃபினிஷன்’ அவசரமில்ல.

கடைசியா 2016-ல வந்த ‘பட் வெயிட் தேர்ஸ் மோர்’னு ஒரு சின்ன ரெக்கார்டு, இருபது வருஷத்துக்கு மேல ஆகி புது பாட்டு. அதுல புதுசோட சேர்த்து 1985 ஆல்பத்துல இருந்த ‘மேட் மேன்’, ‘கவுச் ஸ்லவுச்’ ரெண்டையும் திரும்ப வாசிச்சிருக்காங்க. 1985 ‘கவுச் ஸ்லவுச்’ ஒரு தடவ, 2016 ‘கவுச் ஸ்லவுச்’ ஒரு தடவ, அடுத்தடுத்து போட்டு கேளுங்க. பேஸும் டிரம்ஸும் வேற ஆளுங்க, மீதி ரெண்டு பேர் யாருன்னு நான் சொல்லாமலே உங்களுக்கு தெரிஞ்சிரும்.