“புத்தகத்தில் இருக்கிற விடை எனக்கு வரவில்லை, ரெக்கார்டை விலைக்கு வாங்கிவிடலாமா?”

கேள்வி: சிவதாபுரத்தில் இருந்து எழுதுகிறேன் மேடம். பி.எஸ்சி. உளவியல், இரண்டாம் ஆண்டு. முல்லர்-லயர் பரிசோதனைக்கு (நுனிச் சிறகுகளால் சம நீளக் கோடுகள் வெவ்வேறு நீளமாகத் தெரியும் கண் ஏமாற்றம்; போர்டில் ஒரு கோட்டை நகர்த்தி மற்றதற்குச் சமமாக்கி, பின்பக்க ஸ்கேலில் நீளத்தைப் படிக்க வேண்டும்) லேபில் கூட்டம் அதிகம் என்பதால், அனுமதி வாங்கிப் போர்டை வீட்டுக்கே கொண்டுவந்து அப்பாவை சப்ஜெக்டாக வைத்துச் செய்தேன். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். ஸ்டாண்டர்ட் கோடு 15 செ.மீ.; 20 ட்ரையல்; நேரம் இல்லாததால் எல்லாமே வெளியிலிருந்து உள்ளே தள்ளியது. சராசரி 15.6 வந்துவிட்டது. தோழிகள் எல்லோருக்கும் 12, 13. எங்கள் லேப் மேடம் என் ரெக்கார்டில் கையெழுத்துப் போடவில்லை. ஜெராக்ஸ் கடை அண்ணன் 800 ரூபாய்க்கு ‘டேட்டாவோடு’ ரெக்கார்டு எழுதித் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் வீட்டில் பழகப் பரிசோதனை கிட் 12,000 ரூபாய் என்கிறார். கூடவே மூன்று மாதத்தில் கவுன்சலர் சான்றிதழும் உண்டாம். என்ன செய்யட்டும்?

பதில்: கண்ணு, ஜெராக்ஸ் கடைக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கு மற்றது எழுதக் கை ஓடாது.

வேண்டாம். அந்த 800 ரூபாய்க்கு நீ வாங்குவது ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளையோ எழுதிய எண்கள். அதையும் அந்தப் பிள்ளை சீனியரிடமிருந்துதான் எடுத்திருக்கும். எக்ஸ்டெர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, நான் போன இடங்களில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் 12.4, 12.7, 12.5 என்று ஒரே வரிசையில் ஒரே எண்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மனிதர்கள் இருபது தடவையும் ஒரே புள்ளியில் கையை நிறுத்துவார்களா? வைவாவில் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: “ஏழாவது ட்ரையலில் என்ன நடந்தது?” நிஜமாகச் செய்த பிள்ளை யோசித்து ஏதாவது சொல்லும். வாங்கி வந்த பிள்ளை என் முகத்தையே பார்க்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் முல்லர்-லயர் போர்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஸ்கேல் உரிந்துபோக, யாரோ அதைத் திருப்பி ஒட்டினார்கள். ஒட்டியவர் ஒரு செ.மீ. தள்ளி ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரீடிங்கும் ஒரு செ.மீ. கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ரெக்கார்டுகளில் வழக்கம்போல 12.5! ஐந்து பேட்ச் போனது, ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறாவது பேட்ச்சில் ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் 14.1 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். “திரும்பப் போய்ச் சரியாகச் செய்” என்று அனுப்பினேன். மறுபடி 14. மூன்றாவது தடவை நானே உட்கார்ந்து அளந்த பிறகுதான் ஸ்கேல் விஷயம் வெளியே வந்தது. அந்த ஐந்து பேட்ச் ரெக்கார்டுகளிலும் பச்சை மையில் இருப்பது என் கையெழுத்துதான்.

அதனால், உன் 15.6ஐத் தப்பு என்று சொல்வதற்கு முன்னால் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்வோம்.

முதலில், உன் போர்டில் நகராத கோடு எது? அம்பு முனை மாதிரி உள்பக்கம் மடங்கிய சிறகு உள்ளதா, வெளிப்பக்கம் விரிந்த சிறகு உள்ளதா? வழக்கமாக அம்பு முனைக் கோடு நிலையாக இருக்கும்; விரிந்த சிறகுக் கோட்டை நகர்த்துவோம். விரிந்தது நீளமாகத் தெரிவதால், சமம் என்று நினைத்து 15க்குக் குறைவாகவே நிறுத்துவோம். அதனால்தான் தோழிகளுக்கு 12, 13. உன் போர்டில் இது தலைகீழாக இருந்தால் 15க்கு மேல் வருவதுதான் சரியான விடை. கையேட்டில் மைனஸ் (15க்குக் குறைவு) என்று போட்டிருக்கிறது என்பதற்காக எல்லாப் போர்டிலும் மைனஸ் வராது.

அடுத்தது ஸ்கேல். இரண்டு கோடும் நிஜமாகவே சமமாகிற இடத்துக்கு, ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்து அளந்து, நகர்த்திக்கொண்டு வா. பின்பக்கம் 15 காட்டுகிறதா பார். காட்டவில்லையென்றால் எவ்வளவு வித்தியாசமோ அதை எல்லா ரீடிங்கிலும் சரிசெய்துகொள்.

மூன்றாவது உன் தப்பு, அதை நீயே ஒத்துக்கொண்டிருக்கிறாய். இருபதையும் வெளியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறாய். நீளமான நிலையிலிருந்து குறைத்துக்கொண்டே வரும்போது பலருக்குக் கை சற்று முன்னாலேயே நின்றுவிடும். குட்டையிலிருந்து நீட்டும்போது அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும். இதன் பெயர்தான் இயக்கப் பிழை. இதற்குத்தான் பாதி உள்ளே, பாதி வெளியே; அதிலும் பாதி இடப்பக்கம் வைத்து, பாதி வலப்பக்கம் வைத்து என்று ஐந்து ஐந்தாகப் பிரிக்கச் சொல்கிறோம். தராசில் தட்டை மாற்றி நிறுத்துப் பார்ப்பது மாதிரி. உன் அப்பாவைக் கேள், இதன் அர்த்தம் உன் லெக்சரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இந்த ஒரு பிழை மட்டும் 12.5ஐ 15.6 ஆக்கிவிடாது. அதனால்தான் ஸ்கேலை அளக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, உன் அப்பா. அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டாயா? சிறகுகளைக் கண்டுகொள்ளாமல் நடுக்கோட்டை மட்டும் பிரித்துப் பார்த்தால் கண் ஏமாற்றம் குறையும். கட்டை விரலை வைத்து நைசாக அளந்திருந்தாலும் குறையும். ரெக்கார்டில் ‘சப்ஜெக்டின் அகநோக்கு அறிக்கை’ என்று ஒரு இடம் இருக்கிறதே, அது இதற்குத்தான். முப்பது வருஷமாக அங்கே எல்லோரும் எழுதுவது ஒரே வாக்கியம்: “இந்தப் பரிசோதனை எனக்கு மிகவும் சுவாரசியமாக இருந்தது.” அப்பா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுது.

இன்னொன்றும் தெரிந்துகொள். இந்தப் படத்தை முல்லர்-லயர் வெளியிட்டது 1889இல். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நம் நீலகிரிக்கே வந்து தோடர்களிடம் இதைச் செய்து பார்த்தார். 1905இல் முடிவை வெளியிட்டார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் இந்தப் படத்தில் குறைவாகத்தான் ஏமாந்திருந்தார்கள். பார்த்துப் பழகிய உலகத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்ற பெரிய விவாதத்துக்கு விதை போட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. ரிவர்ஸ் நம் ஊர் லேபில் படித்திருந்தால் அவர் ரெக்கார்டும் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்திருக்கும். இதற்காக “எங்கப்பாவும் தோடர் மாதிரி” என்று எழுதி வைத்துவிடாதே. தோடர்களும் ஏமாந்தார்கள், அளவுதான் குறைவு. ஒரே ஒரு மனிதரை வைத்து, ஒரே பக்கத்திலிருந்து தள்ளி எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு பட்டறைக்காரர் கண் இப்படி என்று சொல்ல முடியாது.

“பிடிக்காத ட்ரையலை எடுத்துவிடலாமா?” என்று அடுத்து நீ கேட்பாய். எல்லோரும் கேட்பார்கள். கூடாது. ஒரே ஒரு நிலையில் கூடும். அதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன், இதில்தான் நல்ல பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள். ட்ரையல் நடக்கும்போதே கரண்ட் போய்விட்டது, தம்பி வந்து போர்டைத் தட்டிவிட்டான், நகரும் பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த மாதிரி ஏதாவது நடந்தால், பின்பக்கம் திருப்பி எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அப்சர்வேஷன் நோட்டில் ‘ட்ரையல் 9, கரண்ட் போனது, செல்லாது’ என்று எழுதிவிட வேண்டும். அதே வகை ட்ரையல் ஒன்றைக் கடைசியில் கூடுதலாகச் செய்துகொள்ளலாம். எண்ணைப் பார்த்த பிறகு “அப்போ கரண்ட் போச்சு இல்ல?” என்று ஞாபகம் வந்தால் அது செல்லாது. கரண்ட் நிஜமாகவே போயிருந்தாலும் செல்லாது. எண் பிடிக்காததால்தான் அந்த ஞாபகமே வந்தது. எண் பிடித்திருந்தால் கரண்ட் போனதை நீ மறந்தே போயிருப்பாய். சரி, 15ஐ 51 என்று மாற்றி எழுதிவிட்டால்? அதுவும் எடுத்துவிடுவது ஆகாது. ஒரே கோடாக அடி, பக்கத்தில் சரியானதை எழுது, இனிஷியல் போடு. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். ஒயிட்னர் பாட்டிலை லேபுக்குள் கொண்டுபோகாதே. நேர்த்தியாக இல்லை என்று இதற்கு மார்க் குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புக்கு இரட்டைக் கோடு போட்டால் மார்க், உண்மையான அடித்தலுக்கு மைனஸ். நாற்பது பிள்ளைக்கு ஒரு கண்ணாடி வரைவுக் கருவி (கையை நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே வரைவது), வாரத்துக்கு ஒரு லேப், ஆனால் செமஸ்டருக்கு இத்தனை பரிசோதனை முடித்தே ஆக வேண்டும். இப்படி வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள் என்று ஆச்சரியப்படுவதில் என்ன இருக்கிறது?

12,000 ரூபாய் கிட்டை மறந்துவிடு. ஒரு 30 செ.மீ. ஸ்கேலை ஒருவர் மேலே பிடித்து விட, இன்னொருவர் கீழே விரலை விரித்து வைத்துப் பிடித்தால் எதிர்வினை நேரம் கிடைத்துவிடும். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் சுமார் 0.20 நொடி, 15 என்றால் சுமார் 0.17. கண்ணாடி வரைவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, நட்சத்திரம் வரைந்த தாள், கையை மறைக்க ஒரு அட்டை போதும். ஸ்ட்ரூப் பரிசோதனைக்கு நாலு கலர் ஸ்கெட்ச் பேனா. அதைத் தமிழ் வார்த்தையிலேயே எழுது. ‘சிவப்பு’ என்று பச்சை மையில்; வார்த்தையைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைக்கு ஆங்கில எழுத்தில் அர்த்தமில்லா அசைகளைக் கொடுத்து மனப்பாடப் பரிசோதனை நடத்துகிற கூத்தைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். மிச்சமாகிற பணத்தில் அப்பாவை சப்ஜெக்டாக உட்கார வைத்ததற்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடு.

அந்தச் சான்றிதழ் ஆளிடம் ஒரே கேள்வி கேள்: “இதை வைத்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?” 1992ஆம் வருஷச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய அந்தப் பதிவு வேண்டும். மூன்று மாதத்து டிப்ளமோவுக்கு அது கிடைக்காது. அவர் பேச்சை மாற்றி, “எம்.எஸ்சி.யைத் தபாலிலேயே முடித்துவிடலாம்” என்பார். உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே நிறுத்திவிட்டது. புது பஸ் ஸ்டாண்டு சுவர்களில் போஸ்டர் கிழிவதற்குள் இந்த ஆட்கள் வேறு பெயரில் வந்துவிடுவார்கள். அவர்கள் விளம்பரத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நேரில் போய்க் கேள். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிற கருப்பூருக்கு பஸ் டிக்கெட் எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

இப்போது உன் ரெக்கார்டு. பழைய 20 ட்ரையலைக் கிழிக்காதே, அப்படியே இருக்கட்டும். அப்பாவை மறுபடி சப்ஜெக்டாக வைத்தால் பழக்கத்தால் ஏமாற்றம் குறையும். புதிதாக ஒருவர், அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, சரியான முறையில் ஐந்து ஐந்தாகச் செய்யட்டும். முன்கூட்டியே எதையும் விளக்காதே. இரண்டு அட்டவணையையும் அடுத்தடுத்து வை. விவாதப் பகுதியில் எழுது: “முதல் சப்ஜெக்டின் சராசரி 15.6 செ.மீ. எல்லா ட்ரையலும் வெளியிலிருந்து உள்நோக்கி மட்டும் செய்யப்பட்டதால் இயக்கப் பிழை சமன் செய்யப்படவில்லை. கருவியின் அளவுகோல் சரிபார்க்கப்பட்டது, வித்தியாசம் இவ்வளவு.” அவ்வளவுதான். உன் லேப் மேடத்திடம் நோட்டை நீட்டும்போது போர்டையும் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலையும் சேர்த்தே கொண்டுபோ, அவர் கண்முன்னால் ஒரு தடவை அளந்து காட்டு.